நம்ம வளவு, காரைக்குடி

வள்ளி: பரண்ல இருந்து 7 பழைய ஜீன்ஸ் இறங்கியிருக்கு. நாளைக்கு வெள்ளையடிக்க வர்றாங்க. துணிக்காரருக்குப் போட்டுரவா?

கதிரேசன்: போடாதீங்க பெரியம்மா!! அதைத் துண்டு துண்டா வெட்டிச் சேர்த்து எனக்கு ஒட்டு பேன்ட் தைக்கணும். சாந்திக்கு, அதான் அறுபதாம் கல்யாணத்துக்குப் போட

மெய்யப்பன்: என் சாந்திக்கு ஒட்டுப் போட்ட கால்சட்டையா. வெளங்கிரும்

உமையாள்: போடாதே வள்ளி. ஒரு பேன்ட்டுக்கு 3, 4 ஜீன்ஸ் போகும். முதல்ல ஒவ்வொண்ணா இழுத்துப் பாரு. ஸ்ட்ரெச் தனி, இழுபடாதது தனி. ரெண்டையும் சேர்த்துத் தச்சா தையல் அலை அலையா சுருங்கும். கருநீலத்தைத் தனி வாளியில ஊற வை, சாயம் இறங்கும்.

வள்ளி: சாந்திப் பலகாரத்துக்குக் கந்தரப்பம் எத்தனை சொல்றது?

உமையாள்: 12 செ.மீ. சதுரமா வெட்டணும். சுத்தி 1.5 தையலுக்குப் போனா 9 நிக்கும். முழங்கால், தொடை இடுக்கு தேஞ்சிருக்கும், வேண்டாம். முழங்காலுக்குக் கீழ பின்பக்கம்தான் கெட்டித் துணி. நீல நூல் நெடுக்க, வெள்ளை நூல் குறுக்க. எல்லாத் துண்டுலயும் நீலம் காலோட நீளத்துக்கே ஓடணும். மாத்தி வச்சா துவைச்சதும் கால் முறுக்கிக்கும்.

கதிரேசன்: ஆத்தங்குடிக் கல்லு மாதிரி வெளிர் ஒண்ணு கருப்பு ஒண்ணு?

மெய்யப்பன்: கல்லு பதிக்கிறவரையே தைக்கச் சொல்லு

வள்ளி: ஆச்சி, கந்தரப்பம்

உமையாள்: நம்ம ஆயாவோட பழைய தையல் மெஷின் இருந்தா இந்தக் கெட்டித் துணியை இழுக்கும்.

வள்ளி: அது எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்

அழகப்பன்: எங்க வீட்டுலதான் இருக்கு. இப்ப என்ன?

மெய்யப்பன்: அந்தப் பேச்சு இங்க வேண்டாம்

உமையாள்: எந்த மெஷினா இருந்தாலும் 16 நம்பர் ஜீன்ஸ் ஊசி போடு, தையல் 3 மி.மீ.க்குக் குறையாம. தையல் மடிப்பை ஒரே பக்கம் சாய்ச்சா மூலை சேருற இடத்துல 6 அடுக்கு வந்துரும், ஊசி ஒடியும். விரிச்சு இஸ்திரி போட்டா 4 தான். அதையும் சுத்தியலால ரெண்டு தட்டு தட்டிட்டு ஓட்டு. முழுத் துணியா சேர்த்த பிறகுதான் அளவு வச்சு வெட்டணும். கவட்டுல மட்டும் ஒட்டு வேண்டாம், ஒரே துண்டு. உக்காரும்போது உறுத்தும், பிரியவும் செய்யும்.

அழகப்பன்: மெஷின் பெல்ட் அறுந்து கிடக்கு

வள்ளி: 😂

கதிரேசன்: அப்பா!

வள்ளி: இழுத்துப் பாத்தாச்சு. 5 இழுபடுது, 2 இழுபடலை

உமையாள்: அப்ப அந்த 5ஐ வச்சே தை. இழுபடுறது இடுப்பைச் சுத்தி வர்ற மாதிரி. நீல நூலை நெடுக்க வச்சா தானா வந்துரும். கதிரு, இடுப்பு எவ்வளவு?

கதிரேசன்: 34 அயித்தை

அழகப்பன்: 36

மெய்யப்பன்: இழுபடாத ரெண்டும் என்னுது. தொடாதீங்க

வள்ளி: 100 சொல்லிட்டேன், கந்தரப்பம். ஜீன்ஸை எங்க வைக்கிறது? 8 மணிக்கு ஆள் வந்துரும்