சிங்க் அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது? ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து லண்டன் வந்திருப்பவர்களுக்கு

மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி பக்கமிருந்து இந்த வருடம் வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு. வீடு பிடிப்பது, பேங்க் கணக்கு, டாக்டரிடம் பதிவு செய்வது எல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். யாரும் தொடாத ஒன்றை நான் எழுதுகிறேன்: சாக்கடை. சிரிக்காதீர்கள். ஜனவரி மாத இரவில் சிங்க் நிறையக் குழம்புத் தண்ணீர் நிற்கும்போது இந்தப் பதிவைத் தேடுவீர்கள்.

அரசு ஊழியரை ராமநாதபுரத்துக்கு மாற்றினால் 'தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கிட்டாங்க' என்று சொல்வார்கள். அதனால் நல்ல தண்ணீரின் அருமை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்றுதான் நாம் யோசித்ததே இல்லை. யோசிக்க அவசியமும் இருக்கவில்லை. மீன் கழுவிய தண்ணீர் தென்னை மூட்டுக்குப் போகும். வீட்டுக்குள் சிங்க் வைத்திருந்தாலும் குழாய் பத்துப் பதினைந்து அடி போய் உறை இறக்கிய குழியில் விழும். மற்றதை மணல் பார்த்துக்கொள்ளும். தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே கையால் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறதே, அதே மணல்தான். தண்ணீரை எவ்வளவு லேசாக மேலே விடுகிறதோ அவ்வளவு லேசாகக் கீழேயும் குடித்துவிடும்.

லண்டனில் குடிக்க மணல் இல்லை. சிங்குக்குக் கீழே U போல ஒரு குழாய் வளைவு, அதிலிருந்து நாற்பது மில்லிமீட்டர் குழாய், அப்புறம் தரைக்கு அடியில் நான்கு அங்குலக் குழாய். பழைய வீடுகளில் அது சுட்ட களிமண் குழாய். வரிசை வீடுகளில் பல இடங்களில் நம் குழாயும் பக்கத்து வீட்டுக் குழாயும் பின்பக்கம் ஒன்றாகச் சேர்ந்துதான் ஓடும். அதாவது நாம் ஊற்றியது கண்ணிலிருந்து மறைகிறதே தவிர வீட்டை விட்டுப் போய்விட்டதாக அர்த்தமில்லை.

இதில் நம் சமையலுக்கு ஒரு தனி வினை இருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். நம் ஊரில் மார்கழிக் காலையில் பாட்டில் வாயில் வெள்ளையாகப் பிடித்திருக்கும், வெயில் ஏறினால் கரைந்துவிடும். இங்கே தரைக்கு அடியில் இருக்கும் குழாய் ஆகஸ்டில்கூட அந்தச் சூட்டை எட்டாது. நெய், ஆட்டுக் கொழுப்பு எல்லாம் அதே கதைதான். போதாததற்கு லண்டன் தண்ணீர் சுண்ணாம்பு அதிகமுள்ள கடினத் தண்ணீர். அந்தக் கால்சியமும் கொழுப்பும் சேர்ந்தால் சோப்பு மாதிரி ஒரு கட்டி உண்டாகி, குழாய்ச் சுவரில் காரை போல ஒட்டிக்கொள்ளும். உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டுப் பிசுபிசுத்த கையை நினைத்துக்கொள்ளுங்கள். 2017ல் லண்டன் வைட்சேப்பல் சாக்கடையில் 250 மீட்டர் நீளம், 130 டன் எடையில் இப்படி ஒரு கொழுப்புப் பாறையைக் கண்டுபிடித்தார்கள். ஈரத் துடைப்பான்களும் கொழுப்பும் இறுகியது அது. அடுத்த வருடம் அதில் ஒரு துண்டை மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள், மக்கள் போய்ப் பார்த்தார்கள்!

ஈரத் துடைப்பான் என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூச்சம்தான், ஆனால் புதிதாக வந்த பிள்ளைகள் வீட்டில் அடைப்புக்கு இதுதான் முதல் காரணம். இங்கே கழிவறையில் தண்ணீர்க் குழாய் கிடையாது. பழக்கம் விடவில்லை என்று வைப்ஸ் வாங்கிவிடுகிறோம். பாக்கெட்டில் ஃபிளஷ் செய்யலாம் என்று போட்டிருந்தாலும் அது டாய்லெட் பேப்பர் மாதிரி தண்ணீரில் கரையாது. ஒரு பிளாஸ்டிக் செம்பு வாங்கி வையுங்கள், விஷயம் முடிந்தது.

சமையலறைக்கு: எண்ணெய் ஆறியதும் பழைய ஜாடியில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள். சீலா வறுத்த சட்டியை டிஷ்யூவால் துடைத்துவிட்டு அப்புறம் கழுவுங்கள். சிங்க் ஓட்டையில் வலை போடுங்கள். தேங்காய்ச் சக்கை, டீத்தூள், சோற்றுப் பருக்கை, மீன் செதில், இந்த நான்கும் வலையைத் தாண்டக் கூடாது. மீனை நியூஸ்பேப்பர் மேல் வைத்து ஆய்ந்துவிட்டு அப்படியே சுருட்டிக் கட்டிவிடலாம்.

இனி அடைப்பு வந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பதறாமல் முதலில் ஒன்றைப் பாருங்கள்: ஒரே இடத்தில் மட்டும் தண்ணீர் நிற்கிறதா, பல இடங்களிலா? சமையலறை சிங்க் மட்டும் மெதுவாக இறங்கினால் கோளாறு அதன் கீழேயே, வளைவிலோ அடுத்த சில அடியிலோ இருக்கும். குளியலறைத் தண்ணீர் மட்டும் நின்றால் காரணம் தலைமுடி. ஆனால் வாஷிங் மெஷின் தண்ணீர் விடும்போது கழிவறையில் குமிழி வந்தாலோ, மாடியில் குளித்தால் கீழே ஷவர் தட்டில் அழுக்கு ஏறினாலோ, அடைப்பு பெரிய குழாயில். அப்போது வீட்டில் யாரும் தண்ணீர் திறக்கக் கூடாது. எல்லாத் தண்ணீரும் வீட்டிலேயே தாழ்ந்த இடத்தில்தான் பொங்கும்.

முதல் வகையை நீங்களே சரி செய்யலாம். மரக்கைப்பிடி போட்ட ரப்பர் கப் கடையில் சல்லிசாகக் கிடைக்கும், பிளஞ்சர் என்று கேளுங்கள். பலர் அதை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு வேலைக்காகவில்லை என்று விட்டுவிடுவார்கள். காரணம், சிங்கின் மேல் விளிம்புக்குக் கீழே இருக்கும் சிறிய ஓட்டை வழியாகக் காற்று போய்விடுகிறது. ஈரத்துணியால் அதை அடைத்துவிட்டு, கப் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் வைத்து அமுக்குங்கள். இரட்டை சிங்க் என்றால் மற்றதன் வாயையும் அடையுங்கள். அதற்கும் அசையவில்லையா, கீழே வாளி வைத்து வளைவைக் கழற்றுங்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக் நட்தான், கையாலேயே திருகலாம். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதல்முறை மாற்றிப் போட்டு, இரவு முழுக்கச் சொட்டி, அலமாரியில் இருந்த அரிசி மூட்டை நனைந்தது. கழற்றிய வளைவை அதே சிங்கில் கழுவாதீர்கள். கீழே குழாய் இல்லை என்பது தண்ணீர் காலில் விழுந்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் குழாய் இளகும், கழிவறைப் பீங்கான் விரிசல் விடும். குழாயில் வரும் சுடுதண்ணீர் போதும்.

ஆசிட் பற்றி. நம் ஊரில் சைக்கிளில் கூவி விற்பார்களே, அந்தத் தைரியத்தில் இங்கே தேடாதீர்கள். 15 சதவீதத்துக்கு மேல் அடர்த்தியான சல்ஃப்யூரிக் ஆசிட்டை லைசென்ஸ் இல்லாமல் வாங்குவதும் வைத்திருப்பதும் 2018லிருந்து குற்றம். கடையில் கிடைக்கும் காஸ்டிக் சோடா வகை வேலை செய்யும், ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து. ஆசிட் கலந்த எதையும் பிளீச்சோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும், சிறிய குளியலறையில் அது விளையாட்டல்ல. ஏதாவது ஊற்றிவிட்டுப் பலனில்லாமல் ஆளைக் கூப்பிட்டால், என்ன ஊற்றினோம் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்தால் அது அவர் முகத்தில்தான் தெறிக்கும்.

சரி, பெரிய குழாய் அடைப்பு. இதற்குத்தான் தொழில்முறை ஆள். ஆனால் போனை எடுக்கும் முன் குழாய் யாருடையது என்று கேளுங்கள். இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை ஒரு மாத வாடகைப் பங்கு. ஈஸ்ட்ஹாமில் ஆறு பேராக ஒரு வீட்டில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை இரவு கழிவறை பொங்கியது. தேடலில் முதலில் வந்த நம்பருக்கு அடித்தோம். லோக்கல் நம்பர் போலத்தான் இருந்தது, எடுத்தவர் எங்கிருந்தோ பேசும் இடைத்தரகர். வந்தவர் அரை மணி நேரம் வேலை செய்தார், இரவு ரேட், ஞாயிறு ரேட், வாட் வரி என்று பில் நீண்டது. பத்து நாளில் மறுபடி பொங்கியது. அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், வேலி மேல் எட்டிப் பார்த்து, 'எங்களுக்கும் நிரம்பி நிக்குது, தண்ணிக் கம்பெனிக்கு அடியுங்கோ, காசில்லை' என்றார். கம்பெனி ஆட்கள் வந்து இலவசமாக எடுத்துவிட்டுப் போனார்கள்.

விஷயம் இதுதான்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும், பொதுச் சாக்கடையில் சேரும் குழாய் பக்கத்து வீடுகளோடு பங்காக ஓடினாலோ, உங்கள் எல்லைக்கு வெளியே இருந்தாலோ, 2011 அக்டோபரிலிருந்து அநேகமாக அது கழிவுநீர்க் கம்பெனியின் பொறுப்பு. லண்டனில் பெரும்பாலும் அது தேம்ஸ் வாட்டர். உங்கள் குடிநீர் பில் வேறு கம்பெனியிலிருந்து வந்தாலும் கழிவுநீருக்கு இவர்கள்தான். ஆகவே முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவர்களுக்கும் அதே பிரச்சினை என்றால் பாதி விடை கிடைத்தாயிற்று. அடுக்குமாடி என்றால் கட்டட நிர்வாகத்திடம் போக வேண்டும்.

எல்லைக்குள், உங்கள் வீட்டுக்கு மட்டுமான குழாய் என்றால் ஹவுஸ் ஓனர். 1985 சட்டத்தின்படி 7 வருடத்துக்குக் குறைந்த வாடகை ஒப்பந்தங்களில் சிங்க், கழிவறை, டிரெயின் ஆகியவற்றைப் பழுது நீக்கி வைப்பது அவர் கடமை. போனில் சொல்லிவிட்டு விடாதீர்கள், போட்டோவோடு மெயிலும் போடுங்கள். ஆனால் குழாயிலிருந்து நீங்கள் போட்ட வைப்ஸோ எண்ணெய்க் கட்டியோ வெளியே வந்தால் செலவை உங்கள் தலையில் கட்டலாம், அதில் நியாயமும் இருக்கிறது.

நீங்களே ஆளை அழைக்க வேண்டி வந்தால் போனிலேயே கேளுங்கள்: வருவதற்கே காசா, மொத்த ரேட்டா மணிக் கணக்கா, 20 சதவீத வாட் சேர்த்தா, அடைப்பு எடுபடாவிட்டால் என்ன. பதில் இழுத்தால் வேறு நம்பர். என்ன செய்வார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும். கம்பிச்சுருள் மெஷின் அடைப்பில் துளை போடும், தண்ணீர் இறங்கிவிடும், ஆனால் சுவரில் ஒட்டிய கொழுப்பு அப்படியே இருக்கும். எங்கள் வீட்டில் பத்து நாளில் திரும்பியது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஜெட்டிங் என்பது அழுத்தத் தண்ணீர். ஹோஸ் முனையில் பின்பக்கம் பார்த்த துளைகள் இருக்கும், அந்தப் பீய்ச்சல் ஹோஸை முன்னே தள்ளிக்கொண்டே சுவரைச் சுரண்டி வரும். கொழுப்புக்கு அதுதான் சரி. ஆனால் விரிசல் விட்ட பழைய களிமண் குழாயை அது இன்னும் கெடுக்கலாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடைத்தால் முதலில் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் மரவேர் குழாய் இணைப்பு வழியாக உள்ளே வந்திருக்கும். கேமரா வீடியோவைக் கேட்டு வாங்கி வையுங்கள். வீடியோ காட்டாமல் 'குழாய் உடைந்துவிட்டது, தோண்ட வேண்டும்' என்பவரை அன்றைக்கு வேலை கொடுக்காமல் அனுப்புங்கள்.

இன்னொரு விஷயம், எனக்கு உறுத்துவதால் சொல்கிறேன். நம் பையன் ஒருவன் அடைப்பு எடுக்க வந்த ஆளை வாசலிலேயே நிற்க வைத்து, சைகையில் வழி காட்டினான். ஊர்ப் பழக்கம். அங்கே மனிதரைச் சாக்கடைக் குழிக்குள் இறக்குவதைத் தடுத்து 2013ல் சட்டம் போட்ட பிறகும் குழிக்குள் மனிதர் இறங்கிச் சாகிற செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த மனதை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். அவர் பெயரைக் கேளுங்கள், டீ வேண்டுமா என்று கேளுங்கள்.

கீழே கமெண்டில் கேட்டவர்களுக்கு:

தொண்டித் தம்பி, இரண்டு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்ததும் வீடு நாறுகிறது என்றது அடைப்பு இல்லை. வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கும் கதவு. அது காய்ந்துவிட்டது. எல்லா ஓட்டையிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள்.

பெரியபட்டினத்தில் அத்தாவுக்குக் கட்டும் வீடு பற்றிக் கேட்ட தங்கச்சிக்கு: நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஒரு அடி சரிவு வேண்டும். வளையும் இடத்திலெல்லாம் திறந்து பார்க்க ஒரு சேம்பர், வெளியே ஒரு மணல் பிடிக்கும் தொட்டி. உறைக்குழி கிணற்றை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது, நம் பக்கம் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாகத்தான் நல்ல தண்ணீர் நிற்கிறது. டைல்ஸ் ஒட்டும் முன் கொத்தனார் முன்னாலேயே பத்து வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள்.