சேண வாரை இழுத்தாலே என் குதிரை கடிக்க வருகிறாள், என்ன செய்யலாம்?

வணக்கம். போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் கத்தியவார் இனப் பெட்டைக் குதிரை ஒன்று வாங்கினேன். ஆறு வயசு. காது நுனிகள் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும். அதில்தான் மயங்கிவிட்டேன்.

இரண்டு வாரமாக வயிற்று வாரை இழுத்தாலே காதை மடக்கிக்கொண்டு கடிக்கத் திரும்புகிறாள். மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்வாள் என்பதால், முதலில் தளர்வாகப் பூட்டி, கொஞ்சம் நடத்தி, அப்புறம்தான் ஒவ்வொரு துளையாக இறுக்குகிறேன். நேற்று அரை மணி நேரம் ஓட்டிவிட்டுச் சேணத்தை இறக்கினால் முதுகெல்லாம் வேர்வை. பிடரி முடிகிற மேட்டின் இடப்பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு உலர்ந்து கிடக்கிறது. அங்கே அழுத்தம் அதிகம் என்றுதானே அர்த்தம்? நான் ஏறி உட்கார்ந்தால் அந்த மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையவில்லை.

விற்றவரோ "கம்பளியை ரெண்டா மடிச்சுப் போடுங்க, சரியாயிடும்" என்கிறார். குறுகலான சேணத்துக்கு அடியில் தடிப்பாகப் போட்டால் இன்னும் இறுகாதா?

கால்நடை மருத்துவர் நாளை வருகிறார். அதுவரை ஏறுவதாக இல்லை. ஈரோடு, கோவை பக்கம் முதுகை அளந்து சேணம் செய்து தருபவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பழைய சேணத்தையே அகலப்படுத்த முடியுமா?