ஹேஷையே யூனிக் கீயா வச்சா என்ன தப்பு?

நெல்லைகோடர்:
மக்களே ஒரு பஞ்சாயத்து. எங்க ஆபீஸ்ல பல பிராஞ்ச்லேர்ந்து வர்ற கஸ்டமர் லிஸ்ட்டை ஒண்ணா சேக்கணும், மொத்தம் ரெண்டு லட்சம் வரி, பேரு அட்ரஸ் எல்லாம் தமிழ்லயே இருக்கு. நான் பேரையும் அட்ரஸையும் ஒட்டி சிஆர்சி32 (எவ்ளோ நீள எழுத்தையும் ஒரு 32 பிட் நம்பரா சுருக்குற ஹேஷ்) போட்டு அந்த நம்பரையே டேபிள்ல யூனிக் கீயா, அதாவது ரெண்டு தடவை வரக்கூடாத அடையாளமா வச்சிட்டேன், அதே நம்பர் திரும்ப வந்தா டூப்ளிகேட்னு தூக்கிடும், ஸ்பீடும் பிச்சுக்கிட்டு போகுது. ரிவ்யூல ஒரு அக்கா "இது வேணாம், மாத்து"ன்னு ஒத்த வரியில ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. 32 பிட்னா 429 கோடி நம்பர் இருக்கு, அதுல போய் ரெண்டு லட்சம் பேர் மோதிக்குவாங்களா? எனக்கு ஓவரா தெரியுது.

தரவுதாசன்:
ஓவரேதான். ஹேஷ் கொலிஷன், அதாவது ரெண்டு வேற ஆளுக்கு ஒரே நம்பர் வந்து மோதும்னு பயமுறுத்துறது காலேஜ்ல படிச்சதை மறக்காதவங்க பண்ற வேலை. நடைமுறைல வேலை நடக்குதா, அவ்ளோதான்.

சுடர்க்கொடி:
தாசன் சார், காலேஜ் கணக்கையே போட்டுப் பாத்துடுவோம். 429 கோடியை ரெண்டு லட்சத்தோட ஒப்பிடக்கூடாது, ஜோடிகளோட ஒப்பிடணும், ஏன்னா யாரும் யாரோடயும் மோதலாம். ரெண்டு லட்சம் பேருக்குள்ள கிட்டத்தட்ட 2000 கோடி ஜோடி இருக்கு. 2000ஐ 429ஆல வகுங்க, நாலரைக்கு மேல வருது. அதாவது நாலஞ்சு ஜோடி மோதும்னே எதிர்பாக்கலாம், ஒண்ணுகூட மோதாம தப்பிக்கிற வாய்ப்பு நூத்துல ஒண்ணுகூட இல்ல. 77 ஆயிரம் பேர் வந்தாலே பாதிக்குப் பாதி சான்ஸ். இதுல கொடுமை என்னன்னா எரரே வராது, யாரோ நாலு கஸ்டமரை டூப்ளிகேட்னு சத்தமில்லாம தூக்கிப் போட்டுட்டு புரோகிராம் ஜம்முனு முடிஞ்சிடும், அவங்க கம்ப்ளெயின்ட் பண்ணும்போது ஏன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. அந்த அக்கா ஒத்த வரிக்குப் பதிலா இதை எழுதியிருக்கலாம், அது வேற விஷயம்.

தரவுதாசன்:
சரி கணக்கை ஒத்துக்குறேன். அப்போ எம்டி5னு இன்னொரு ஹேஷ் இருக்கு, அதைப் போட்டுட்டுப் போங்க, 128 பிட், ஒத்த வரி மாத்தினா முடிஞ்சுது. அதுல தற்செயலா மோதுறதுக்கு நம்ம பேரன் காலம் வரைக்கும் ஓட்டினாலும் வாய்ப்பில்ல. நான் சொன்ன அடிப்படை மாறல, ஹேஷை கீயா வைக்கலாம்.

பூட்டுசாவி:
எம்டி5ஆ? 2004லயே சீனாவுல வாங் சியாவ்யுன் டீம் ரெண்டு வேற வேற இன்புட்டுக்கு ஒரே எம்டி5 வரவச்சுக் காட்டிட்டாங்களே. 2012ல ஃபிளேம் வைரஸ் மைக்ரோசாஃப்ட் சர்டிஃபிகேட்டையே அந்த ஓட்டையை வச்சுதான் போலியா அடிச்சுது. உடைஞ்ச சாமானை புது கோட்ல எதுக்கு போடணும், அதைவிட பலமான ஹேஷ் ஷா256 என்ன காசா கேக்குது?

தரவுதாசன்:
உடைஞ்சுதுன்னா யாருக்கு உடைஞ்சுது? வேணும்னே ஏமாத்த நினைக்கிறவனுக்கு. இங்க பிராஞ்ச் கிளர்க் ஒக்காந்து ஒரே எம்டி5 வர்ற மாதிரி ரெண்டு அட்ரஸ் தயாரிக்கப் போறாரா என்ன? பாஸ்வேர்டை எம்டி5ல வச்சா நானே அடிப்பேன், அதுக்கு பிகிரிப்ட், ஆர்கான்2 மாதிரி வேணும்னே மெதுவா ஓடுற ஐட்டங்கள் இருக்கு, அங்க ஷா256ஐ வெறுமனே போட்டாலும் தப்புதான். ஆனா டூப்ளிகேட் பாக்குறதுக்கும் கேச் ஃபைலுக்கு பேர் வைக்கிறதுக்கும் செக்யூரிட்டி பாடம் எடுக்காதீங்க.

பூட்டுசாவி:
"எங்க வீட்டுக்கு யார் வரப் போறா"ன்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க. 2017 பிப்ரவரில கூகுளும் ஆம்ஸ்டர்டாம் சிடபிள்யூஐ ஆராய்ச்சி நிலையமும் சேந்து, ஷா1ங்கிற ஹேஷ் ஒரே மாதிரி வர்ற ரெண்டு வேற வேற பிடிஎஃப் ரிலீஸ் பண்ணாங்க. வெப்கிட்ங்கிற பிரவுசர் இன்ஜின் புராஜெக்ட்ல யாரோ அதை டெஸ்ட்டுக்காக கோட் ரெப்பாசிட்டரில ஏத்தினதும், அவங்க கோடை சேத்து வைக்கிற எஸ்விஎன் சாஃப்ட்வேரே படுத்துடுச்சு, ஏன்னா எஸ்விஎன் உள்ளுக்குள்ள ஷா1 ஒண்ணா இருந்தா ஃபைலும் ஒண்ணுன்னு நினைச்சுக்குது. அங்க அட்டாக் பண்ண யாரும் வரல, டெஸ்ட் எழுத வந்த நல்ல மனுஷன்தான் பண்ணாரு.

தரவுதாசன்:
வேணும்னே தயாரிச்ச ஃபைல் உள்ள வந்ததாலதானே படுத்துச்சு? என் பாயிண்டையே நீங்க எனக்கு டைப் பண்ணிக் குடுக்குறீங்க, நன்றி.

ராத்திரிஷிஃப்ட்:
பெரியவங்க சண்டைல குறுக்க வர்றேன். பைத்தான்லயும் ஜாவாலயும் ஹேஷ் ஃபங்ஷன் சும்மாவே இருக்குல்ல, அதையே கூப்பிட்டு சேவ் பண்ணா ஆகாதா?

சுடர்க்கொடி:
தயவுசெஞ்சு பண்ணிடாதீங்க. பைத்தான்ல ஸ்ட்ரிங்குக்கு வர்ற ஹேஷ் ஒவ்வொரு தடவை புரோகிராம் ஸ்டார்ட் ஆகும்போதும் மாறும், இன்னைக்கு சேவ் பண்ணது நாளைக்கு மேட்ச் ஆகாது. 2011 டிசம்பர்ல பெர்லின் ஹேக்கர் மாநாட்டுல ஹேஷ் டேபிள்ல ஒரே பக்கெட்டுக்குள்ள (ஒரே அறைக்குள்ள) போய் விழுற மாதிரி கீ தயாரிச்சு அனுப்பி வெப் சர்வரை முடக்கலாம்னு காட்டினாங்க, பிஹெச்பி, ஜாவா, பைத்தான், ரூபி எல்லாமே மாட்டுச்சு, அதுக்கப்புறம்தான் பைத்தான் 3.3லேர்ந்து இந்த மாத்தம் தானாவே ஆன்ல இருக்கு.

ஜாவால மாறாது, ஆனா அது இன்னும் மோசம். ஒவ்வொரு எழுத்துக்கும் இதுவரை வந்ததை 31ஆல பெருக்கி அடுத்த எழுத்தோட கோட் நம்பரைக் கூட்டுறதுதான் மொத்த ஃபார்முலாவே. தமிழ்லயே உதாரணம் பாருங்க: ஒவ்வொரு எழுத்துக்கும் கோட் நம்பர் குடுக்குற யுனிகோட்ல ம-வுக்கு அடுத்த நம்பர் ய, ஐகாரக் குறிக்கு சரியா 31 முன்னாடி இருக்கு ன. அதனால "சமை"க்கும் "சயன"வுக்கும் ஒரே ஹேஷ்கோட், ரெண்டுமே 29,49,876. அதே ரூட்ல "கழை"யும் "கவன"வும் ஒண்ணு, ழ-வுக்கு அடுத்தது வ. இந்த ஃபங்ஷன் மெமரில டேபிள் நடத்துறதுக்கு மட்டும் பண்ணது, அங்க மோதினா பரவால்ல, வெளிய எழுதி வைக்கிறதுக்கு இல்ல.

செம்பருத்தி:
எனக்கு ஒண்ணு புரியல, எதுக்குங்க ஹேஷை கையால தொடுறீங்க? பேரு, அட்ரஸ் ரெண்டையும் ஒரு ஜோடியா (டியூப்பிள்) செட்ல, அதாவது ஒரே ஐட்டத்தை ரெண்டு தடவை வச்சுக்காத தொகுப்புல போட்டா வேலை முடிஞ்சுது. செட்டே உள்ள ஹேஷ் பாத்து எடத்தைத் தேடும், ஹேஷ் ஒண்ணா இருந்தா நிஜமாவே ரெண்டும் சமமான்னு முழுசா ஒப்பிட்டுப் பாக்கும். ஹேஷ் வேறன்னா ஆளும் வேற, அது உறுதி. ஹேஷ் ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணுன்னு ஹேஷ் டேபிளே நம்புறதில்ல, நீங்க ஏன் நம்புறீங்க? ரெண்டு லட்சம் அட்ரஸ்லாம் மெமரில சில பத்து எம்பிதான் வரும்.

அப்புறம் கேள்வி கேட்டவர் "ஒட்டி"ன்னு சொன்னாரே, நடுவுல ஏதாவது வச்சாரா? "ராஜா, மணிநகர்" ஒருத்தர், "ராஜாமணி, நகர்" இன்னொருத்தர், ஒட்டினா ரெண்டும் ஒரே ஸ்ட்ரிங். இதுக்கு ஷா512 போட்டாலும் மோதத்தான் செய்யும்.

தரவுதாசன்:
செட் எல்லாம் ஒரு தடவை ஓடுற ஸ்கிரிப்ட்டுக்கு சரி. நாளைக்கு வர்ற லிஸ்ட்டை நேத்து டேபிள்ல இருக்கிறதோட பாக்கணும்னா டேட்டாபேஸ்லதானே கீ வேணும்? பழைய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல இண்டெக்ஸுக்கு (வேகமா தேட வைக்கிற பட்டியலுக்கு) 767 பைட்தான் லிமிட், நாலு பைட் யுனிகோட் வச்சா 191 எழுத்து. தமிழ்ல மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்துக் கணக்கு, கதவு எண்லேர்ந்து மாவட்டம் வரைக்கும் எழுதினா தாண்டிடும். டேபிள்ல ஹேஷுக்குன்னு தனி காலம் (நெடுவரிசை) வைக்கிறது சும்மா ஃபேஷனுக்கு வந்ததில்ல.

சுடர்க்கொடி:
இது நியாயமான காரணம், புது வெர்ஷன்ல 3072 பைட் ஆனாலும் சின்ன கீ வேகம்தான். ஹேஷ் காலம் வைங்க, அதுக்கு சாதா இண்டெக்ஸ் போடுங்க, யூனிக் வேணாம். தேடும்போது ஹேஷும் ஒண்ணா இருக்கணும் முழு அட்ரஸும் ஒண்ணா இருக்கணும்னு ரெண்டு கண்டிஷன் குடுத்தா முதலாவது வேகமா நாலு வரிக்குக் கொண்டு வந்துடும், ரெண்டாவது உண்மையைச் சொல்லும். அப்படி வச்சா உங்க சிஆர்சி32கூட போதும், எம்டி5 ஷா256 சண்டையே தேவையில்ல.

தரவுதாசன்:
ரெண்டு பிராஞ்ச் ஒரே செகண்ட்ல ஒரே ஆளை இன்சர்ட் பண்ணா யூனிக் இல்லாம யார் தடுப்பா? நான் 128 பிட் யூனிக்தான் போடுவேன். நீங்க ஒரு நேரத்துல ஒருத்தர்தான் எழுதணும்னு டேபிளுக்கு லாக் போட்டுக்கிட்டு ஒக்காருங்க.

விசைப்பலகை:
ரெண்டு கட்சிக்கும் சொல்றேன், கொலிஷனைவிட பெரிய பிரச்சனை எதிர்ப்பக்கம் இருக்கு: ஒரே ஆளுக்கு ரெண்டு ஹேஷ். "கொ"வை ஒரு கீபோர்ட் க + ொன்னு ரெண்டு கோடா அனுப்பும், இன்னொண்ணு க + ெ + ா-ன்னு மூணா அனுப்பும். ஸ்கிரீன்ல ஒண்ணுதான், பைட் வேற, ஹேஷ் வேற, அதனால கொளத்தூர்க்காரர் ரெண்டு தடவை லிஸ்ட்ல இருப்பார். ஹேஷ் போடுறதுக்கு முன்னாடி என்எஃப்சி நார்மலைஸ் பண்ணிடுங்க, அதாவது ஒரே எழுத்தோட வேற வேற கோட் வடிவத்தை ஒரே வடிவமாக்கிடுங்க, இது சரியாயிடும். ஆனா "ஸ்ரீ" சரியாகாது, ஸ வச்சு எழுதினதும் ஶ வச்சு எழுதினதும் நிறைய ஃபான்ட்ல ஒரே மாதிரி தெரியும், என்எஃப்சி ரெண்டையும் தொடாது. சௌந்தர்ராஜனும் அப்படித்தான், பாதிப் பேர் ெ போட்டு ள அடிச்சு "செளந்தர்"னு எழுதுறாங்க.

நெல்லைகோடர்:
ஐயோ எங்க லிஸ்ட்ல செளந்தர் ஏகப்பட்டது இருக்கு. ெ பக்கத்துல ள வந்தா மொத்தமா ௌ-ன்னு ரீப்ளேஸ் பண்ணிடவா?

விசைப்பலகை:
பண்ணீங்கன்னா வெள்ளைச்சாமி காலி. ள-வுக்கு அடுத்து புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாம நேரா மெய்யெழுத்து வந்தா மட்டும் மாத்துங்க.

ராத்திரிஷிஃப்ட்:
மதுரை பிராஞ்ச் கிளர்க் பேசுற மாதிரியே "வெளக்குத்தூண்"னு அடிச்சிருந்தா? அங்கயும் ள-வுக்கு அடுத்து நேரா க-தானே வருது.

செம்பருத்தி:
அதுக்குத்தான் மாத்தினதை ஹேஷ் காலத்துக்கு மட்டும் யூஸ் பண்ணணும், அட்ரஸ் காலத்துல அவங்க அடிச்சது அடிச்சபடியே இருக்கட்டும். தபால் போறது அந்த அட்ரஸுக்குத்தானே.