பர்மா பத்திரமும் ஹேக் நீதிமன்றமும்: உதவி தேவை

காரைக்குடியிலிருந்து வணக்கம். எங்கள் ஐயாவின் பெட்டகத்தில் பர்மா வயல் அடமானப் பத்திரம் ஒன்று கிடைத்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, ஓரம் செல்லரித்திருக்கிறது. 1948-ல் அங்கே வந்த நில நாட்டுடைமைச் சட்டத்தோடு அந்த வயல் போய்விட்டது.

"சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே அப்பா?" என்றாள் மகள். ஹேக் நகரில் இருக்கும் அந்த நீதிமன்றத்தில் நாடுகள்தான் வழக்காடலாம், தனி ஆளுக்கு இடமில்லை என்றேன். அப்புறம், எதிர் நாடும் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றிருக்க வேண்டும். 2019-ல் காம்பியா மியான்மர் (அன்றைய பர்மா) மீது வழக்குப் போட முடிந்தது, இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தை இரண்டு நாடுகளும் ஏற்றிருந்ததால்தான். சரி, தீர்ப்பை மதிக்காவிட்டால்? ஐ.நா. பாதுகாப்பு சபைக்குப் போகலாம். அங்கே 5 நாடுகளின் வீட்டோ, அதாவது அவற்றில் ஒன்று மறுத்தாலே முடிவைத் தடுத்துவிடும் அதிகாரம். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

இந்த நிலை இனி மாறுமா என்று கல்லூரிப் பிள்ளைகளிடம் பேசப்போகிறேன். சர்வதேசச் சட்டம் கற்பித்தவர்கள் யாராவது அரை மணி நேரம் வந்து பேசுவீர்களா? தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பர்மா பத்திரம் வைத்திருக்கும் ஆச்சிமார், அண்ணன்மார் ஒரு நகல் தந்தால் போதும், மூலம் வேண்டாம். கீழே பதில் போடுங்கள், நானே வீட்டுக்கு வருகிறேன்.