ஜெர்மனி வந்த சைவக்காரர்களே, புரதத்துக்கு என்ன செய்கிறீர்கள்?

படிக்க வந்த தம்பி, தங்கைகள் அடிக்கடி கேட்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். ஊரில் சாம்பார், கூட்டு, சுண்டல், தயிர் என்று வீட்டுச் சமையலிலேயே ஓரளவு புரதம் வந்துவிடும். இங்கே வந்த பிறகு சாதம் வடித்து புளிக்காய்ச்சல் பிசைந்து சாப்பிட்டால் வயிறு நிறையும், அவ்வளவுதான். வேகவைத்த சாதம் 100 கிராமில் புரதம் 3 கிராம்கூட இருக்காது.

எவ்வளவு தேவை? இங்குள்ள ஊட்டச்சத்துச் சங்கம் பெரியவர்களுக்குச் சொல்வது உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.8 கிராம். 60 கிலோ என்றால் 48 கிராம். ஜிம் போகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடும். அதற்காகப் பவுடர் டப்பா வாங்க ஓட வேண்டாம்.

முதலில் மாகர்குவார்க், அதாவது கொழுப்பு நீக்கிய, கெட்டித் தயிர் மாதிரியான பால் பொருள். எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் தயிர் வரிசையில் இருக்கும், மலிவு. 100 கிராமில் சுமார் 12 கிராம் புரதம். சாதாரண தயிரில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். வெறுமனே தின்றால் தொண்டையில் ஒட்டும். பால் விட்டுத் தளர்த்தி, உப்பு போட்டு, கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டி சாதத்தில் பிசையுங்கள், அருமையான தயிர் சாதம். அரை டப்பா, அதாவது 250 கிராம் போனால் 30 கிராம் முடிந்தது.

அப்புறம் பருப்பு. துவரம்பருப்புக்காக இந்தியக் கடை தேடி அலைய வேண்டாம். 'ரோட்டெ லின்ஸன்' என்று எழுதியிருப்பது நம் மைசூர் பருப்புதான். குக்கர் இல்லாத விடுதி அறையிலும் கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். பெரிய பையாக வேண்டுமென்றால் துருக்கிக் கடை, ஈழத்தமிழர் கடை. ஆனால் கண்ணில் காட்டுகிற அளவுக்குப் போட்டால் போதாது. ஆளுக்கு 60 கிராமாவது காய்ந்த பருப்பு போட்டால் 14 கிராம் புரதம் தேறும். சாம்பார் கெட்டியாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அரிசியில் குறையும் லைசின் (புரதத்தின் கூறான அமினோ அமிலங்களில் ஒன்று) பருப்பில் நிறைய உண்டு என்பதால் இரண்டும் நல்ல ஜோடி. குளிரில் இட்லி மாவு புளிக்க மறுக்கும். அடைக்கு அந்தக் கவலையே இல்லை, ஊறவைத்து அரைத்து உடனே வார்க்கலாம்.

டின் கொண்டைக்கடலையை அலசி, தேங்காய்த் துருவலோடு தாளித்தால் ஐந்து நிமிடத்தில் சுண்டல். அரை டின்னில் 8 கிராம் வரும். டோஃபு, அதாவது சோயா பனீர், பலருக்குப் பிடிப்பதில்லை, எனக்கும் குழம்பில் போட்டால் இறங்காது. தண்ணீரைப் பிழிந்து மிளகு வறுவல் செய்தால் தட்டு காலியாகிறது. பாதாமைப் புரதம் என்று நம்பிக் கொறிக்காதீர்கள், அதில் பாதி கொழுப்பு.

வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். சில இனிப்புத் தயிர்களிலும் மிட்டாய்களிலும் கெலட்டின் இருக்கும், அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. பார்மசான் சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டை, பாலைத் திரிய வைக்க, சேர்ப்பார்கள். பாலையும் விட்டுவிட்டவர்கள் என்றால் வைட்டமின் பி12 மாத்திரை கட்டாயம், பருப்பு அதைத் தராது.