ஜிப்சியில் டீசல் என்ஜின் வைக்கலாமா?

கூடலூர்க்காரன்:
என்னிடம் 2004 மாருதி ஜிப்சி இருக்கிறது, 1298 சிசி பெட்ரோல். எஸ்டேட்டுக்கு ஏற இறங்க, மழை விட்டபின் சேற்றுப் பாதை, எப்போதாவது நண்பர்களோடு காட்டுப் பக்கம், இவ்வளவுதான் அதன் வேலை. இப்போது நீலப்புகை ஆரம்பித்திருக்கிறது, லிட்டருக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் தரமாட்டேன் என்கிறது, ஏற்றத்தில் மிதித்து அலறவிட்டால்தான் நகர்கிறது. எப்படியும் என்ஜினைப் பிரிக்கத்தான் போகிறோம், அந்தச் செலவோடு கொஞ்சம் சேர்த்துப் போட்டு ஸ்விஃப்டின் 1.3 டீசலைத் தூக்கி வைத்துவிடலாம் என்று மெக்கானிக் ஆசை காட்டுகிறார். எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சமாம். செய்யலாமா? திட்டுவதாக இருந்தால் காரணம் சொல்லித் திட்டுங்கள்.

டீசல்பித்தன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது. உங்கள் பெட்ரோல் என்ஜின் தருவது 103 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றுகிற விசை), அதுவும் 4500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 4500 சுற்றில்). ஸ்விஃப்ட் டீசல் 190 தருகிறது, 2000-லேயே. பாறையில் ஏறும்போது ஆக்சிலரேட்டரில் கால் வைக்கவே வேண்டாம், க்ளட்சை விட்டால் தானாக ஊர்ந்து ஏறும்.

இது ஏதோ நம்மூர்ப் பட்டறையில் கண்டுபிடித்த கோக்குமாக்கு வேலை என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினில் சுசுகி வண்டிகளைத் தயாரித்த சான்டானா கம்பெனி, நம் ஜிப்சியின் கூடப்பிறந்த சாமுராயில் பெஜோவின் 1.9 டீசலை வைத்துத் தொழிற்சாலையிலிருந்தே விற்றது. பின்னால் ஜிம்னியிலும் ரெனோவின் 1.5 டீசல் வந்தது, முதலில் 65 குதிரைத்திறன், அப்புறம் 86. அமெரிக்காவில் சாமுராய்க்குள் ஃபோக்ஸ்வாகன் டீசலைப் பொருத்துவது பல வருடப் பழக்கம், அதற்கென்றே அடாப்டர் கிட் விற்கிறார்கள். நம் ஊரில் கேட்டால்தான் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

லோகியர்:
அங்கே ஒரு தொழிற்சாலை அந்த என்ஜினுக்காக உட்கார்ந்து வேலை பார்த்தது, நண்பா. ரேடியேட்டர், ஸ்பிரிங், மவுண்ட் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். கூடலூர்க்காரரின் மெக்கானிக் கேஸ் கட்டிங் வைத்துப் பழைய மவுண்டை வெட்டி, இடம் இருக்கிற பக்கம் புது மவுண்டைப் பற்றவைப்பார். இரண்டும் ஒன்றா?

190 என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். ஜிப்சி கியர்பாக்ஸ் 103-க்குச் செய்தது. அதற்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் அச்சுக்குப் பிரித்து அனுப்புகிற, ஊர்ந்து ஏற லோ கியரும் தருகிற பெட்டி), அதற்குப் பின்னால் இரண்டு அச்சு. லோ கியர் போட்டு, சக்கரம் பாறையிடுக்கில் மாட்டியிருக்கும்போது அந்த 190-ஐ இறக்கினால் எங்காவது ஒன்று போகத்தான் செய்யும். என்ஜின் மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. ஜிப்சியின் உண்மையான குறை என்ஜினே இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ கியர் வெறும் 2.27 விகிதம்தான், ஊர்ந்து ஏற அது போதாது. சாமுராய்க்கு 4.16 விகித கியர் செட் வெளிநாட்டில் கிடைக்கிறது, தருவித்துப் போடலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 103-ஐ அந்த வித்தியாசத்தால் பெருக்கினால் சக்கரத்தில் கிடைக்கிற இழுவை ஏறத்தாழ 189 தருகிற என்ஜினை வைத்ததற்குச் சமம். டீசலுக்கு நீங்கள் கேட்ட அதே 190. என்ஜினைத் தொடவே இல்லை.

டீசல்பித்தன்:
கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே இழுவை அதே அச்சுக்குத்தானே போகிறது? என் டீசலில் உடைகிற அச்சு உங்கள் கியர் செட்டில் மட்டும் உடையாதா? அதோடு உங்கள் 103 கிடைப்பது 4500-இல். அவ்வளவு சுற்றவிட்டுக்கொண்டுதான் நீங்கள் ஊர்வீர்கள். கீழே 1500-இல் அந்தப் பெட்ரோல் என்ஜினில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள். லோ கியர் போடாமல் சாதாரண மலை ரோட்டில் ஏறும்போது உங்கள் 4.16 எதற்கு உதவும்? கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அங்கே டிரான்ஸ்ஃபர் லீவரை லோவில் போட்டா போவீர்கள்?

லோகியர்:
அச்சைப் பற்றிச் சொன்னது நியாயமான கேள்வி. ஆனால் கியர் செட் போட்டால் அந்தச் சுமை கியர்பாக்ஸுக்கு வராது, அதற்குப் பின்னால்தான் வருகிறது. லோவில் ஊரும்போது மட்டும்தான் வருகிறது, நாள் முழுக்க இல்லை. நீங்கள் டாப் கியரில் ரோட்டில் போகும்போதும் 190-ஐ அந்தக் கியர்பாக்ஸ் வழியாகத்தான் அனுப்பப் போகிறீர்கள்.

பட்டறைவாசி:
இரண்டு பேரும் காகிதத்திலேயே சண்டை போடுகிறீர்கள், கொஞ்சம் கையில் கரி படுகிற விஷயத்துக்கு வருவோம். நான் இந்த வேலை செய்கிறவன்தான், டீசல் வேண்டாம் என்றோ வேண்டும் என்றோ சொல்ல வரவில்லை.

முதலில் நல்ல செய்தி. ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியதில்லை. தனியாக நடுவில் தொங்குகிறது, ஒரு குட்டி ஷாஃப்ட் இரண்டையும் இணைக்கிறது. அதனால் வேறு என்ஜினும் வேறு கியர்பாக்ஸும் வைத்தாலும் டிரான்ஸ்ஃபர் கேஸை அப்படியே விட்டுவிடலாம், ஷாஃப்டின் நீளத்தை மட்டும் மாற்றினால் போதும். உலகம் முழுக்க இந்த வண்டியில் என்ஜின் மாற்றுகிறார்கள் என்றால் இது ஒரு பெரிய காரணம்.

இனிமேல்தான் தலைவலி. ஸ்விஃப்டில் என்ஜின் குறுக்கே கிடக்கிறது, ஜிப்சியில் நெடுக்கே. திருப்பி வைக்கும்போது டர்போ, எக்ஸாஸ்ட், இன்டர்கூலர் பைப் எதுவுமே இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. கீழே முன் அச்சு முழு அச்சு, ஸ்பிரிங் அமுங்கும்போது மேலே எழும்பும். சம்ப் (என்ஜினின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டி) அதில் இடித்தால் ஒரே குழியில் ஆயில் ரோட்டில் நிற்கும். அதனால் சம்பை வெட்டி ஒட்டவேண்டும், ஆயில் உறிஞ்சுகிற குழாயையும் அதற்கேற்ப நகர்த்தவேண்டும்.

என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற அடாப்டர் பிளேட்டைப் பற்றி யாருமே பேசவில்லை, அதில்தான் பாதி வண்டிகள் சாகின்றன. லேத்தில் கொடுத்துக் கனமான தகட்டில் ஒரு பக்கம் என்ஜினின் துளை, மறுபக்கம் பெல் ஹவுசிங்கின் (கியர்பாக்ஸின் முன் கூட்டின்) துளை என்று போட்டுவிடுவார்கள். போல்ட் எல்லாம் அழகாக உட்காரும், பார்க்கவும் ஜோராக இருக்கும். ஆனால் கிராங்க் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் மையமும் ஒன்றாக இருக்கிறதா என்று போல்ட் சொல்லாது. ஃப்ளைவீலில் டயல் கேஜ் கட்டி, முள்ளை பெல் ஹவுசிங்கின் நடுத் துளையில் வைத்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கவேண்டும், அப்புறம்தான் டவல் பின் (இடம் நகராமல் பிடிக்கிற முளை) அடிக்கவேண்டும். இதைச் செய்யாத வண்டி ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாளில் க்ளட்ச் மிதித்தால் ஒரு உறுமல், அப்புறம் கியர்பாக்ஸ் முன் சீலில் கசிவு, அப்புறம் பைலட் பேரிங் பொடி. உங்கள் மெக்கானிக்கிடம் டயல் கேஜ் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

சின்னச் சின்னது நிறைய. பிரேக்குக்குத் துணை செய்கிற இன்டேக் வேக்குவம் டீசலில் கிடையாது, வேக்குவம் பம்பை இணைக்காவிட்டால் பிரேக் கட்டையாகிவிடும், மலையிறக்கத்தில் இது விளையாட்டு இல்லை. டேக்கோமீட்டர் இக்னிஷன் சிக்னலை வைத்து ஓடுவது, டீசலில் அது இல்லை, ஆல்டர்னேட்டரிலிருந்து எடுக்கவேண்டும். ஸ்விஃப்ட் என்ஜின் காமன் ரெயில் (டீசல் பீய்ச்சுவதை மின்னணு முறையில் கட்டுப்படுத்துவது) என்பதால் ஈசியூ (அதன் கட்டுப்பாட்டுக் கணினி), ஆக்சிலரேட்டர் பெடல், இம்மொபிலைசர், சாவி, முழு வயரிங், எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரவேண்டும். சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் என்ஜின் மட்டும் வாங்கிவந்து வயரிங்குக்கு அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டீசல்பித்தன்:
வயரிங் தொல்லை வேண்டாம் என்றால் பழைய ஜென் டீசலின் பெஜோ 1.5 இருக்கிறதே. பம்ப் முழுக்க மெக்கானிக்கல், என்ஜினை நிறுத்துகிற சோலினாய்டுக்கு ஒரே ஒரு வயர், ஈசியூவும் இல்லை ஒன்றும் இல்லை. காட்டுக்குள் நின்றுபோனால் ஸ்பேனரை வைத்தே சரி செய்யலாம்.

லோகியர்:
அந்த பெஜோவின் டார்க் 96 பக்கம், குதிரைத்திறன் 57. இருக்கிற பெட்ரோலைவிடக் குறைவு! 80 குதிரைத்திறனைக் கழற்றிப்போட்டு 57-ஐ வைப்பதற்கு இவ்வளவு வெட்டு ஒட்டா?

டீசல்பித்தன்:
உச்சத்தைப் பார்க்காதீர்கள், எந்த ஆர்பிஎம்மில் என்று பாருங்கள் என்றுதானே முதலிலிருந்து சொல்கிறேன். சரி, பெஜோ நெடுஞ்சாலைக்கு லாயக்கில்லை, ஒத்துக்கொள்கிறேன், எஸ்டேட்டுக்குள் மட்டும் ஓடுகிற வண்டிக்கு அது போதும்.

கணக்குப்பிள்ளை:
மாதம் 500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், வருடத்துக்கு 6000. லிட்டருக்கு 9 என்றால் 667 லிட்டர், பெட்ரோல் 101 ரூபாய் என்றால் 67,000 ரூபாய். டீசலில் 15 கிடைத்தால் 400 லிட்டர், 92 ரூபாய் என்றால் 37,000. மிச்சம் வருடத்துக்கு 30,000. இரண்டரை லட்சத்தை எடுக்க எட்டு வருடத்துக்கு மேல். அதற்குள் டர்போ, இன்ஜெக்டர் ஒருமுறை பல்லைக் காட்டினால் கணக்கு இன்னும் தள்ளிப்போகும். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருந்த காலத்து ஆசை இது.

டீசல்பித்தன்:
மைலேஜுக்காக யார் சார் ஜிப்சி வைத்திருக்கிறார்கள்.

ஆர்சிபுக்:
எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52: ஆர்சியில் இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. வேறு எரிபொருளுக்கு மாற்ற வழி இருக்கிறது, ஆனால் அது கன்வெர்ஷன் கிட் போட்டு, விதிகளுக்கு உட்பட்டுச் செய்வது. காயலான் கடை என்ஜின் கிட் ஆகாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நடைமுறையில் எங்கே மாட்டும் என்றால், உங்கள் வண்டி 15 வருடம் தாண்டியது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ரெனியூவலுக்குப் போகவேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து என்ஜின் நம்பரைப் பார்ப்பார். அதற்கும் முன்னால் புகைச் சான்றிதழ்: ஆர்சியில் பெட்ரோல் என்று இருந்தால் பெட்ரோலுக்கான சோதனை, டீசலுக்குப் புகையின் அடர்த்தியை அளக்கிற சோதனை, இரண்டும் வேறு வேறு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் ஆர்சியைத்தான் புரட்டுவார்கள்.

டீசல்பித்தன்:
கூடலூர் பக்கம் டீசல் ஜிப்சி ஓடவே இல்லையா? எல்லோரும்தான் ஓட்டுகிறார்கள்.

ஆர்சிபுக்:
ஓட்டுகிறார்கள். யார் மேலாவது இடிக்கிற வரைக்கும்.

கூடலூர்க்காரன்:
ஆறு, ஓடை கடக்கும்போது டீசல் நல்லது என்கிறார்களே, அது உண்மையா? எங்கள் பாதையில் மழைக்காலத்தில் இரண்டு இடத்தில் தண்ணீர் வரும்.

லோகியர்:
பாதி உண்மை. ஸ்பார்க் கிடையாது, அதனால் இக்னிஷன் நனைந்து நின்றுபோவது கிடையாது. ஆனால் ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் டீசல் படுகிற அடி அதிகம். கம்ப்ரஷன் 18-க்கு 1 பக்கம் இருக்கிறது, சிலிண்டருக்குள் இடமே இல்லை, தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். எந்த என்ஜின் வைத்தாலும் ஸ்னார்க்கல் (காற்றை உயரத்திலிருந்து இழுக்கிற குழாய்) போடுங்கள்.

பட்டறைவாசி:
கூடலூர்க்காரரே, ஒன்று கேட்கிறேன். நீலப்புகை எப்போது வருகிறது? காலையில் ஸ்டார்ட் செய்யும்போதா, ஏற்றத்தில் மிதிக்கும்போதா?

கூடலூர்க்காரன்:
காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் குப்பென்று ஒரு தடவை. அப்புறம் இல்லை. நீளமாக இறங்கிவிட்டு மறுபடி ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது கொஞ்சம்.

பட்டறைவாசி:
அப்படியென்றால் பெரும்பாலும் வால்வ் சீல்தான். பிஸ்டன் ரிங் போயிருந்தால் ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கப் புகை வந்துகொண்டே இருக்கும். கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் பாருங்கள், அளவு ஒத்திருந்தால் ஹெட்டைக்கூட இறக்காமல் சீலை மாற்றலாம். இரண்டரை லட்சத்து எஸ்டிமேட் கொடுத்தவர் இதை ஏன் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியாது.

இழுவை குறைவு என்பது தனி விஷயம். அதற்கு நான் சொல்வது பலேனோ செடானின் 1.6 பெட்ரோல். 1590 சிசி, 94 குதிரைத்திறன், டார்க் 130 பக்கம். ஜிப்சி என்ஜினின் குடும்பம்தான், பெல் ஹவுசிங் ஒத்துப்போகும், அலுமினிய பிளாக் என்பதால் முன் ஸ்பிரிங் மேல் எடை ஏறாது. ஸ்விஃப்ட் டீசல் பிளாக் வார்ப்பிரும்பு, வைத்தவுடன் முன்பக்கம் குனிந்து நிற்கும், அதற்கு ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்க்கவேண்டும், ஏற்கெனவே கட்டை வண்டி, இன்னும் குலுக்கும்.

டீசல்பித்தன்:
பலேனோ செடான் வந்து நின்றே பல வருடம் ஆகிறது. அந்த 1.6-க்கு நல்ல பிளாக் எங்கே கிடைக்கும்? ஸ்விஃப்ட் டீசல் தெருவுக்குத் தெரு இருக்கிறது, 2020 வரை மாருதி அந்த என்ஜினைப் போட்டுத் தள்ளியிருக்கிறது, எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். கிடைக்காத நல்ல என்ஜினைவிடக் கிடைக்கிற என்ஜின் மேல்.

பட்டறைவாசி:
அது சரிதான், 1.6-க்குத் தேடவேண்டும். கிடைத்தாலும் ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கூடலூர்க்காரன்:
முதலில் கம்ப்ரஷன் பார்க்கிறேன், சீல் மாற்றுகிறேன். 1.6 கிடைத்தால் அதற்கும் ஆர்டிஓவிடம் போகவேண்டுமா? எரிபொருள் அதேதானே?

ஆர்சிபுக்:
போகவேண்டும். எரிபொருள் மாறவில்லை என்றாலும் சிசி மாறுகிறது, என்ஜின் நம்பர் மாறுகிறது, இரண்டும் ஆர்சியில் இருக்கிற விவரம். வேலை முடித்துவிட்டுப் போய் நிற்காதீர்கள், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், என்ஜின் வாங்கிய பில்லை வைத்துக்கொள்ளுங்கள். சிசி மாறுவதால் மறுத்தாலும் மறுப்பார்கள், என்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பதிலை வாங்கிவிடுங்கள். பில் இல்லாத என்ஜின் திருட்டு வண்டியிலிருந்து வந்ததாக இருந்தால் அது வேறு பிரிவு.