குழந்தை சொன்னதும் கோப்பில் ஏறியதும்: உறுப்பினர் அனுபவங்கள்

அரசுப் பள்ளி ஆசிரியை, அந்தியூர்ப் பக்கம்:

குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ இதுவரை இரண்டு முறை அழைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே மாணவிக்காக. முதல் முறை எதுவும் நடக்கவில்லை. இரண்டாம் முறை நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. நடுவில் மாறியவை நான் சொன்ன விதமும் அது எழுதப்பட்ட விதமுமே.

ஏழாம் வகுப்பு மாணவி. பெற்றோர் இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்ததால், அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். பொங்கல் விடுமுறை முடிந்து ஒரு வாரம் தாமதமாக வந்தவளின் முழங்கைக்கு மேல் ஆறாத தீப்புண் இருந்தது. மஞ்சள் வேக வைத்த இடத்தில் பட்டுவிட்டது என்றாள். அன்று மாலையே 1098-ஐ அழைத்து, "வீட்டில் ஏதோ பிரச்சினை போலிருக்கிறது, ஒருமுறை வந்து பாருங்கள்" என்றேன். மூன்று நாள் கழித்து ஒருவர் வந்து, அத்தையின் முன்னிலையிலேயே அவளை விசாரித்துவிட்டுப் போனார். பிறகு நான் கேட்டபோது, "குடும்பப் பிரச்சினை, அறிவுரை கூறப்பட்டது" என்று எழுதி முடித்துவிட்டதாகச் சொன்னார்கள். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆறிய பிறகு யோசித்தால், 'பிரச்சினை' என்ற அந்த வழுக்கலான சொல்லை அவர்கள் கையில் எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

மாசியில் இன்னொரு புண். இம்முறை அவளே சத்துணவுக் கூடத்தின் பின்புறம் என்னைத் தேடி வந்தாள். "என்ன கண்ணு?" என்று மட்டும் கேட்டேன். "அத்தை கரண்டியக் காய வெச்சுச் சுட்டுட்டாங்க மிஸ். அம்மாகிட்டச் சொன்னா மறுபடியும் சுடுவேன்னாங்க" என்றாள். அந்தப் பேச்சை இலக்கணத் தமிழாக்காமல் அப்படியே ஒரு தாளில் எழுதினேன். தேதி, நேரம், இடம், புண் எந்தக் கையில் எங்கே இருந்தது, நான் என்ன கேட்டதற்கு அவள் அதைச் சொன்னாள் என்பவற்றையும் எழுதினேன்; என் ஊகம் ஒரு வரிகூட அதில் இல்லை. 1098-க்கும் தெரிவித்துவிட்டு, அதே தாளை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நேரில் கொடுத்து, என் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். தலைமையாசிரியருக்கு இதில் விருப்பமில்லை. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்றார்.

அன்று மதியமே வந்து, பள்ளியில் அவளைத் தனியாகச் சந்தித்தார்கள். அரசு மருத்துவமனையில் காயங்கள் பதிவாயின. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்வதால், மறுநாளே, குழந்தையைக் குழுவின் முன் நிறுத்தும்போது தரும் அறிக்கையான படிவம் 17-உடன் கொண்டுபோனார்கள். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழு, சமூக விசாரணை அறிக்கைக்கு 15 நாள் கொடுத்து, அதுவரை அவளை வரவேற்பு இல்லத்தில் வைத்தது. விசாரிக்க வந்த பெண் என்னிடமும், பக்கத்துத் தோட்டத்தாரிடமும், சத்தியமங்கலத்தில் இருந்த அவளுடைய அமுச்சியிடமும் (அம்மாவின் அம்மா) தனித்தனியாகப் பேசினார். இறுதியில் உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு அமுச்சியிடம் ஒப்படைத்தார்கள். அத்தை மீதான வழக்கு தனியாக நடக்கிறது; அதைப் பற்றி இங்கே எழுதுவது சரியாக இருக்காது.

முன்னாள் களப்பணியாளர், திருப்பூர்:

டீச்சர், நீங்கள் எழுதியதில் எங்கள் தரப்புத் தவறும் இருக்கிறது. தீங்கு செய்ததாகச் சந்தேகிக்கப்படுபவரின் முன்னால் குழந்தையை விசாரிப்பதை விட, விசாரிக்காமல் இருப்பதே மேல்.

தொண்டு நிறுவனங்கள் 1098-ஐ நடத்திய காலத்தில் நான் களப்பணி செய்தேன். 2023-இல் அது அரசின் கைக்கு மாறி, அவசர உதவி எண்ணான 112-உடன் இணைக்கப்பட்டது. எனக்கு மறக்காத ஒன்று, இந்த மாவட்டத்து நூற்பாலை ஒன்றின் விடுதியில் இருந்த ஒடியாப் பெண்ணைப் பற்றியது. இரவு ஷிப்டில் மயங்கி விழுந்தாள், ஊருக்கு அனுப்ப மறுக்கிறார்கள் என்று தகவல் வந்தது. நாங்கள் போனபோது, அவளுடைய மொழி தெரிந்தவர் என்று ஆலையின் சூப்பர்வைசரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் நீளமாக ஏதோ சொன்னாள்; அவர் சுருக்கமாக, "வயசு 19, இஷ்டப்பட்டுத்தான் வேலை பார்க்கறாளாம்" என்றார். ஆதார் அட்டையும் 19 என்றே சொன்னது. எனக்கிருந்த அவசரத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பேசிய நீளமும் அவர் சொன்ன சுருக்கமும் மனதை அரித்தன. மறுநாள் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்த ஓர் ஒடியாப் பெண்மணியை அழைத்துக்கொண்டு போனோம். விடுதிப் பெண் அவரிடம், எட்டாம் வகுப்பு வரை படித்ததாகச் சொல்லிப் பள்ளியின் பெயரையும் சொன்னாள். வயதில் ஐயம் வந்தால் பள்ளிச் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதே எலும்புப் பரிசோதனை என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு வரிசை சொல்கிறது. ஆதார் அந்த வரிசையில் இல்லை. பள்ளிச் சான்று வந்து சேர்ந்தபோது அவளுக்கு வயது 15.

முதல் வாக்குமூலத்தைக் கிழித்துவிடலாம் என்றார் உடன் வேலை பார்த்தவர். நான் கிழிக்கவில்லை. மொழிபெயர்த்தவர் யார், அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பதை அதன் கீழேயே எழுதி, இரண்டாவதை அதனோடு இணைத்தேன். என் தவறும் கோப்பில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விசைத்தறித் தொழிலாளி, பள்ளிபாளையம்:

நான் மறுபக்கத்தில் நின்றவன். என் மீதே புகார் போயிற்று. சாக்கடைத் தகராறில் பகையான அண்டை வீட்டார், நாங்கள் எங்கள் இரண்டு குழந்தைகளை இரவில் பூட்டிவிட்டுப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். தகவல் தந்தவர் யார் என்று அலுவலர்கள் கடைசி வரை சொல்லவில்லை, தெருவே சொல்லிவிட்டது. பூட்டியது பாதி உண்மை. மனைவிக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் இரவு ஷிப்டு விழுந்த நாள்களில், மூத்தவளிடம் சாவியைக் கொடுத்து உள்ளே தாழிட்டுக்கொள்ளச் சொல்வோம்.

வந்தவர் மரியாதையாகவே பேசினார். ஆனால், குழந்தைகள் நலக் குழு எங்களை அழைத்தபோது அவருடைய அறிக்கையின் சாரத்தைப் படித்துக் காட்டினார்கள். அதில் "தாயின் கவனிப்பு இல்லை" என்று ஒரு வரி இருந்தது. என் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். அவள் தறி ஓட்டுவதும், பகலில் குழந்தைகளோடு இருப்பதும் அதில் எங்கும் இல்லை. எங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கேட்டோம். மறுத்துப் பேசவில்லை, ஷிப்டு அட்டையைக் காட்டினோம். அந்த வரிக்குப் பக்கத்தில் அதுவும் எழுதப்பட்டது. ஆறு மாதத்துக்கு மாதம் ஒருமுறை வந்து பார்த்தார்கள். முதலாளியிடம் பேசி என் ஷிப்டை மாற்றிக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற உதவி ஆய்வாளர், கரூர்:

பாலியல் குற்றமாக இருந்தால் எழுத்து இன்னும் கண்டிப்பானது. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, வந்த தகவலுக்குப் பதிவு எண் இட வேண்டும், எழுத வேண்டும், சொன்னவருக்கே படித்துக் காட்ட வேண்டும். சொல்வது குழந்தையானால் அதற்குப் புரியும் எளிய மொழியில் எழுத வேண்டும். மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். சீருடையைக் கழற்றிவிட்டுக் குழந்தையின் வீட்டுக்கே போய் எழுதியிருக்கிறேன். ஒருமுறை "தகாத முறையில் நடந்துகொண்டார்" என்று எழுதிப் படித்துக் காட்டினேன். ஒன்பது வயதுச் சிறுமி, "நான் இப்படிச் சொல்லலீங்களே" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டு அவள் சொன்னதையே எழுதினேன்.

அரசுப் பள்ளி ஆசிரியை, அந்தியூர்ப் பக்கம்:

திருப்பூர் நண்பருக்கு ஒரு கேள்வி. எங்கள் பள்ளியில் செங்கல் சூளையிலிருந்து வரும் ஒடியாப் பையன் ஒருவன் இருக்கிறான். பத்து நாளாக வரவில்லை. நேற்றுச் சூளைக்குப் போனபோது மேஸ்திரிதான் அவனுக்காகப் பேசினார். அந்த டெய்லர் அம்மா இன்னும் அங்கே வேலையில் இருக்கிறாரா?